டிக்கிக்குள் தாலி

சாவி இருந்தது, கார் இருந்தது, காரின் டிக்கிக்குள்ளே தாலியும் கூரைப்புடவையும் இருந்தன. கல்யாணம் நடக்கிற வழியைத்தான் காணோம்.

செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்து வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக வழவழவென்று நின்றிருந்த அந்த ஜெர்மன் காரைப் பார்க்கப் பார்க்கக் கிருஷ்ணவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. அவள் பெண்ணைப் பெற்றவள். கார் மாப்பிள்ளை வீட்டுக் கார். "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் வாய மூடிக்கினு இரு, உனக்குக் கோடி புண்ணியம்" என்று புருஷன் முனிசாமி விடிவதற்கு முன்பே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவைத்திருந்தார். திருப்புட்குழியில் வரப்புத் தகராறு என்று வந்தால் யாரும் முனிசாமிக்குப் பயப்படமாட்டார்கள். கிருஷ்ணவேணி ஊரில் இருக்கிறாளா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாயைக் கட்டிப் போட்டால் அதற்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை பழனியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. அவனுடைய அண்ணன் கலைவாணன்தான் ஆட்டம் எல்லாம். அப்பா இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம். மனை போட்டு விற்கிறவன். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் இவன் வாங்கிப் போட்ட களர்நிலமெல்லாம் நகர் ஆனது. கழுத்தில் சங்கிலி ஏறியது, கையில் இரண்டு செல்போன் ஏறியது, போன தை மாதம் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட்ஸில் இந்தக் காரும் வந்து இறங்கியது. காஞ்சிபுரத்திலேயே இப்படிப்பட்ட வண்டி வேறு யாரிடமும் இல்லை என்று அவனே எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் மற்றவர்களுக்குச் சொல்கிற சிரமம் இல்லாமல் போயிற்று.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. கார் முழுக்க சீரியல் பல்பு சுற்றி, அதற்குக் காரிலிருந்தே கரண்ட் எடுத்து, பாட்டை அலறவிட்டு ஊர்வலம் வந்தார்கள். மண்டபத்துக்கு வந்து இன்ஜினை அணைத்த பிறகாவது விட்டார்களா? நாலு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு, கலைவாணனின் கூட்டாளிகள் பாட்டுக் கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் முடிந்து படுக்கப் போகும்போது கலைவாணன் தாலி வைத்த வெள்ளித் தட்டையும் கூரைப்புடவையையும் தன் கையாலேயே டிக்கியில் வைத்து மூடினான். மண்டபத்து ரூமில் தாழ்ப்பாள் சரியில்லை என்பது ஒரு காரணம். காரில் டிக்கிதான் குபேர மூலை என்று அவனுடைய வாஸ்துக்காரர் சொல்லியிருந்தது இன்னொரு காரணம். அவன் வாஸ்து பார்க்காமல் பல்கூட விளக்கமாட்டான் என்று பெண் பார்க்க வந்த அன்றே கிருஷ்ணவேணிக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் ரிமோட்டை அமுக்கினால் கார் கண்கூடத் திறக்கவில்லை. பேட்டரி செத்துவிட்டது.

பேட்டரிக் கடை வேலாயுதம் புதுப் பேட்டரியைத் தன் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ரிமோட்டுக்குள்ளே ஒளிந்திருந்த சின்னச் சாவியை எவனோ கண்டுபிடித்தான். அதை வைத்து முன்கதவைத் திறந்தார்கள். பானட்டையும் திறந்தார்கள். திறந்துவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே பேட்டரி இல்லை.

"எவனோ கழட்டிக்கினு பூட்டான்பா!" என்றான் ஒருவன்.

கூட்டத்தில் சலசலப்பு. வாழைமரம் கட்ட வந்தவனைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம்தான் கலைவாணன் நெற்றியைத் தட்டிக்கொண்டு, "இந்த வண்டியில பேட்டரி டிக்கில இருக்குது" என்றான்.

"அப்போ டிக்கியத் தொறங்க" என்றார் வேலாயுதம்.

"பட்டன அமுத்துனாத்தான் தொறக்கும்."

"அமுத்துங்க."

"பேட்டரி இருந்தாத்தான பட்டன் வேல செய்யும்?"

வேலாயுதம் புதுப் பேட்டரியை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தரையில் இறக்கி வைத்தார். பேட்டரியைப் போட டிக்கியைத் திறக்க வேண்டும். டிக்கியைத் திறக்கப் பேட்டரி வேண்டும். பின் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் இரும்புச் சுவர். அட கடவுளே, எந்தப் புத்திசாலி இதைச் செய்தான் என்று கிருஷ்ணவேணி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டு டிராக்டரில் பேட்டரி வெளியிலேயே, வருகிறவன் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும்.

உள்ளே நாயனம் முழங்கிக்கொண்டிருந்தது. ஐயர் மணவறையிலிருந்து எழுந்து நின்று, "தாலித் தட்டைக் கொண்டுவாங்கோ, கூரைப்புடவையை ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்தாத்தானே பொண்ணு கட்டிண்டு வர முடியும்? பத்தரைக்கு ராகு காலம். அதுக்கப்புறம் இன்னிக்கு லக்னம் கிடையாது" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. இதை விட்டால் ஐப்பசிதான்.

கிருஷ்ணவேணி மணப்பெண் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ரேவதி தலைபின்னி, பூ வைத்து, நகை பூட்டி, நலங்குப் புடவையிலேயே உட்கார்ந்திருந்தாள். 

"இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லம்மா. தட்டு வந்துக்கினே இருக்குது."

ரேவதி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "இந்த வாட்டியும் நின்னு பூடுமா?" என்றாள். அழவில்லை. சும்மா ஒரு விவரம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அழுதிருந்தாலாவது தேவலையே என்று கிருஷ்ணவேணிக்கு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாமல் பக்கத்தில் ஒரு இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வைத்தும் முடித்த பிறகு, அந்தப் பையன் எவளையோ கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஓடிப்போனவன் அவன். கெட்ட பேர் யாருக்கு? ரேவதிக்கு. 'ராசி இல்லாத பொண்ணு' என்று வாய் கூசாமல் சொன்னார்கள். வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பின. பழனி வீட்டார் அதையெல்லாம் கேட்டும் சரி என்றதற்காகவே கிருஷ்ணவேணி இந்த ஆறு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் நின்றால், மணவறை வரை வந்து இரண்டாம் முறையும் நின்றால், சுற்றுப்பட்டு ஊரில் இனி ஒருத்தன் இவள் ஜாதகத்தைக் கையால் தொடுவானா? 

அவள் வாசலுக்குத் திரும்பி வந்தபோது கலைவாணன் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். இங்கிலீஷுக்கு ஒன்றை அமுக்கு, தமிழுக்கு இரண்டை அமுக்கு என்று ஒரு பெண்குரல் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அமுக்கி அமுக்கி ஒருவழியாக சர்வீஸ் ஆள் கிடைத்தான். பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும், அதில் வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள் என்றான். வேலாயுதம் ஒயரை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கியைப் பார்த்தார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. முன்னால் விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அவ்வளவுதான். இன்னொரு தடவை கொடுத்தார். இப்போது அந்த 'டிக்'கும் இல்லை.

"பழைய பேட்டரி ஷார்ட் ஆயிருக்குது. நான் குடுக்கறத எல்லாம் அதுவே உறிஞ்சிக்கினு பூடுது" என்றார் வேலாயுதம்.

"நீங்க போட்டாலும் வண்டி உடனே ஓடாதுங்க சார்" என்று போனில் இருந்தவன் இன்னொரு குண்டைப் போட்டான். "புதுப் பேட்டரி மாத்தினத எங்க ஆளு வந்து கம்ப்யூட்டர்ல வண்டிக்குச் சொல்லணும்."

வண்டிக்குச் சொல்ல வேண்டுமாம்! கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரனுக்குச் சொல்கிற மாதிரி, பேட்டரி வந்திருக்கிறது என்று காருக்குச் சொல்ல வேண்டுமாம்! கிருஷ்ணவேணிக்குத் தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. முனிசாமி பக்கத்தில் வந்து முழங்கையைத் தொட்டார். விழுங்கிக்கொண்டாள்.

ஓடிப் போய் மாப்பிள்ளையின் அம்மா வடிவாம்பாளிடம் நின்றாள். "சம்மந்தியம்மா, ஒரு மஞ்சக் கெழங்கக் கயித்துல முடிஞ்சி கட்டிட்டா போதும்னு ஐயரே சொல்றாரு. பொழுது போவுது. புடவைக்கு என்னாண்ட ஒரு பட்டு இருக்குது. பொறவு டிக்கி தொறந்ததும் உங்க தாலியப் போட்டுக்கலாம்."

வடிவாம்பாள் உதட்டைப் பிதுக்கினாள். "அந்தப் புடவை பிள்ளையார்பாளையத்துல சொல்லி நெய்யவச்சது சம்மந்தி. தாலியையும் புடவையையும் ஒண்ணா எங்க கொலசாமி காலடியில வச்சி எடுத்தாந்தோம். அத உட்டுட்டு மஞ்சத் துண்டக் கட்டுனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? எனக்கு என்னமோ சகுனமே சரியில்ல. சாமியே தடுக்குதோ இன்னாவோ. அவசரப்படாம ஐப்பசில பாத்துக்கலாமேன்னு தோணுது."

ஐப்பசி! ஒரு மாதத்துக்கு மேல்! அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா?  சாமி எங்கே தடுத்தது, உன் மகனின் கூட்டாளிகள் ராத்திரி போட்ட பாட்டுதானே தடுத்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மறுபடியும் காரிடமே வந்தாள்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் கேட்கட்டும் என்று யாரோ ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார்கள். "சார், அப்படின்னா சாவியாலதான் தொறக்கணும்" என்றது குரல். "டிக்கில நம்பர் பிளேட்டுக்கு மேல, லைட்டுக்குப் பக்கத்துல ஒரு சாவித் துவாரம் இருக்கும் பாருங்க. அந்தச் சின்னச் சாவியப் போட்டுத் திருப்புங்க. அவ்ளோதான் சார்."

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. வேலாயுதம் தரையில் மண்டியிட்டு நம்பர் பிளேட்டுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். "துவாரம் ஒண்ணையும் காணுமே. இங்க என்னமோ கல்லு மாதிரி மேடாத்தான் இருக்குது" என்றார்.

கலைவாணன் சட்டென்று போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் முகம் போன போக்கைக் கிருஷ்ணவேணி கவனித்தாள். ஆறு மாதத்தில் அவன் பேசாமல் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"தம்பி," என்றாள். "உங்களுக்கு ஏதோ தெரியும்."

"அது... அத்த..." கலைவாணன் குரலைத் தாழ்த்தினான். "குபேர மூலையில ஓட்டை இருந்தா லட்சுமி தங்காதுன்னு வாஸ்துக்காரர் சொன்னாரு. வண்டி வாங்குன அன்னிக்கே எம்சீல் பசை வச்சி அடச்சி, மேல பெயிண்ட் அடிச்சிட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து இத்தனை பேர் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். சாவித் துவாரம் இருப்பது இந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்தும், சொன்னால் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். உள்ளே ஒரு பெண் புடவைக்காக உட்கார்ந்திருக்கிறாள். இவனுக்கு மானமாம்!

"சரி, ஆனது ஆச்சி. ஒரு உளியும் சுத்தியும் குடுங்க, ரெண்டு தட்டுல பேத்துடலாம்" என்று வேலாயுதம் எழுந்தார்.

"அய்யய்யோ, வேணாம்!" கலைவாணன் குறுக்கே வந்து டிக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டான். "வண்டி மேல இரும்பு படக்கூடாது. ஒரு கீறல் உழுந்தாலும் கதவையே மாத்தணும். சென்னையிலேர்ந்து ஆளு கெளம்பிட்டான். பன்னெண்டுக்குள்ள வந்து பக்குவமா எடுத்துடுவான்."

"பன்னெண்டா? பத்தரைக்கு ராகு காலம் தம்பி!"

"அம்மா சொன்ன மாதிரி ஐப்பசில வச்சிக்கிட்டாத்தான் இன்னா அத்த? பொண்ணு எங்க பூடப் போறா?"

இவ்வளவு நேரம் பொறுத்தவள்தான். 'பொண்ணு எங்க பூடப் போறா' என்றானே, அங்கேதான் அறுந்தது. கிருஷ்ணவேணி திரும்பி மண்டபத்துக்குள் நடந்தாள். மணவறையை ஒட்டி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அம்மியும் குழவியும் இருந்தன. கல்யாணப் பெண் மிதிப்பதற்காக வைத்தது. அவள் குனிந்து குழவியைத் தூக்கினாள். மணையில் உட்கார்ந்திருந்த பழனி வாயைத் திறந்தபடி பார்த்தான். "அம்மா, அம்மா, அது எதுக்கு?" என்று ஐயர் பதறினார். முனிசாமி, "அடியே" என்றபடி பின்னால் ஓடி வந்தார். கூட்டம் தானாகவே வழிவிட்டது.

"நவுருங்க தம்பி" என்றாள்.

கலைவாணன் நகரவில்லை. அவள் குழவியைத் தலைக்கு மேலே தூக்கியதும் நகர்ந்தான்.

முதல் போடு தப்பிவிட்டது. டிக்கியின் மேல் விழுந்து, அந்த வழவழப்பான கறுப்பில் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குப் பள்ளம் விழுந்தது. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ, "ஐயோ, போச்சி" என்றார்கள். கிருஷ்ணவேணிக்குக் கெடுத்துக்கொண்டாயே, உன் கையாலேயே கெடுத்துக்கொண்டாயே என்று உள்ளே ஒரு குரல் அலறியது. ஆனால் பாதியில் நிறுத்தினால் பள்ளமும் மிஞ்சும், கல்யாணமும் நடக்காது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழவியின் நுனியை அந்தக் கல் மேட்டுக்கு நேராகப் பிடித்து, முழு பலத்தோடு மறுபடி போட்டாள். எம்சீல் விரிசல் விட்டது. இன்னொன்று போட்டதும் சில்லு சில்லாக உதிர்ந்தது.

வேலாயுதம் பாய்ந்து வந்து திருப்புளியால் மிச்சத்தைச் சுரண்டினார். சாவியைச் செருகினார். திருப்பினார். டிக்கி மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், தானாக மேலே எழும்பியது.

வெள்ளித் தட்டு இருந்தது. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி இருந்தது. அரக்கு நிறக் கூரைப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. கிருஷ்ணவேணி குழவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டையும் புடவையையும் எடுத்தாள். எடுத்த வேகத்தில் தட்டிலிருந்த தேங்காய் உருண்டது. நேராகப் போய் வடிவாம்பாளின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போங்க சம்மந்தியம்மா. நேரமாவுது."

வடிவாம்பாள் தட்டையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.  விறுவிறுவென்று மணவறைக்கு நடந்தாள். ரேவதி அவசர அவசரமாகக் கூரைப்புடவையைக் கட்டிக்கொண்டு வர, நாயனக்காரருக்கு யாரோ சைகை காட்ட, கெட்டிமேளம் முழங்க, ராகு காலம் பிறப்பதற்குள் பழனி தாலியைக் கட்டினான். ரேவதி தலையைக் குனிந்தே இருந்தாள். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். கிருஷ்ணவேணி அப்போதுதான் அழுதாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. மூக்கைச் சிந்தச் சிந்த வந்துகொண்டே இருந்தது.

சாப்பாடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படுகிற நேரமும் வந்தது. வேலாயுதம் புதுப் பேட்டரியைப் போட்டு முடித்திருந்தார். காரில் விளக்கெல்லாம் எரிந்தன. கண்ணாடி ஏறி இறங்கியது. இங்கிலீஷில் சிவப்பாக என்னவோ எழுத்து வந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. சென்னையிலிருந்து கிளம்பிய ஆள் எங்கோ வழியில் வந்துகொண்டேயிருந்தான். மணமக்கள் ஒரு வாடகை வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். பழனிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ரேவதிக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கலைவாணன் காரிடம் நின்று பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தான். முனிசாமியைக் கூப்பிட்டான். "மாமா, நடந்தத நான் பெரிசு பண்ணல. ஆனா நாலு பேருக்கு முன்னாடி ஒரு பொம்பள கல்லத் தூக்கிட்டாங்க. எனக்கும் ஒரு மரியாத இருக்குது இல்ல? தப்புன்னு ஒரு வார்த்த அத்தைய சொல்லச் சொல்லுங்க. போதும்."

முனிசாமி கிருஷ்ணவேணியைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. பெண் அந்த வீட்டுக்குத்தான் போகிறாள், இந்த ஆள்தான் அங்கே பெரியவன். அது அவளுக்கும் தெரியாதா? தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கலைவாணனின் முன்னால் போய் நின்றாள். வேனில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"தப்புதான் தம்பி" என்றாள். "நீங்க ஆசையா வச்சிருக்கற வண்டி. அடிச்சது தப்புதான்."

முனிசாமி மூச்சுவிட்டார். கலைவாணன் பெரிய மனசோடு தலையாட்ட ஆரம்பித்தான்.

"ஆனா ஒண்ணு தம்பி. இன்னிக்கு நான் பூட்டப் பாத்துத்தான் போட்டேன்." தலைப்பை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.  "எம்பொண்ணு உங்க ஊட்டுல கண்ணக் கசக்கிக்கினு நிக்கறான்னு என்னிக்காவது ஒரு சேதி வந்துச்சின்னா, அன்னிக்குப் பூட்டப் பாக்கமாட்டேன்."

கலைவாணனின் கை பள்ளத்தின் மேலேயே நின்றது. பிறகு அதை எடுத்துக்கொண்டான்.

"சரிங்க அத்த" என்றான்.